கிரானி ஸ்கொயர் பேக்: சதுரம் எல்லாம் ரெடி, ஆனா சாமான் வச்சா தொங்கிடுமா?

பூங்கொடி_நெல்லை:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டுப் போற ஆளு நான், இன்னைக்குதான் மொத தடவையா கேக்குறேன், ஏற்கனவே யாராச்சும் கேட்டிருந்தா லிங்க் குடுத்துருங்க, திட்டிராதீங்க.

கிரானி ஸ்கொயர், அதான் நடுவுல இருந்து சுத்திச் சுத்திப் போடுற குரோஷா சதுரம், அத வச்சு ஒரு பேக் போடுறேன். 8 பிளை காட்டன் நூல், 4 எம்.எம். ஊசி. நடுவுல மஞ்சள், அப்புறம் கைல கிடைச்ச கலரெல்லாம், கடைசி ரவுண்டு மட்டும் எல்லாத்துக்கும் நேவி ப்ளூ. சதுரத்துக்கு 5 ரவுண்டு. முன்பக்கம் மூணுக்கு மூணு, பின்பக்கம் மூணுக்கு மூணுன்னு 18 சதுரம் முடிச்சு கட்டில்ல பரப்பி வச்சிருக்கேன், பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா ஸ்கேல் வச்சா ஒண்ணு பதினொன்றரை செ.மீ. வருது, ஒண்ணு 12, ரெண்டு மூணு பன்னிரண்டரை. கொஞ்சம் சதுரம் ஒரு பக்கமா திருகுன மாதிரி சாஞ்சு வேற நிக்குது. இத அப்படியே சேக்கலாமா?

அதவிட பெரிய பயம் வேற. யூடியூப்ல பாத்த அத்தன வீடியோலயும் கடைசில பேக்க தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு அவ்ளோதான் ஃப்ரெண்ட்ஸ்னு முடிச்சிடறாங்க, உள்ள ஒரு கர்ச்சீப் கூட இருக்காது. எனக்கு இது ஆபீஸ் பேக்கு. டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், குடை, பர்ஸ், போன் சார்ஜர் எல்லாம் போவும். இம்புட்டு ஓட்டையா இருக்குற துணி அத தாங்குமா, இல்ல பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள முட்டி வரைக்கும் இறங்கிடுமா? லைனிங் கண்டிப்பா வேணுமா? கைப்பிடி எப்படி போட்டா இழுபடாது? நேவி ப்ளூ 100 கிராம் கண்டு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, ஜாயின் பண்ணவும் கைப்பிடிக்கும் பத்துமா? கேள்வி நிறைய ஆயிடுச்சு, தெரிஞ்சவங்க தெரிஞ்சத மட்டும் சொன்னாக் கூட போதும்.


லீலா_டீச்சர்:

பூங்கொடிம்மா, கலர் செலக்‌ஷன் கேக்கவே நல்லா இருக்கு. ஜாயின் பண்ணிடாதீங்க, அதுக்கு முன்னாடி பிளாக்கிங் ஒண்ணு இருக்கு, அதாவது நனைச்சு, சரியான அளவுக்கு இழுத்து ஊசி குத்திக் காய வைக்கிறது.

மொதல்ல அந்தத் திருகல். அது உங்க கை கோணல் இல்ல, எல்லாருக்கும் வரும். ஒரே பக்கமாவே சுத்திச் சுத்திப் போடும்போது ஒவ்வொரு டபுள் குரோஷேயும், அதான் அந்த உயரத் தையலும், கீழ இருக்குற தையலுக்கு நேர் மேல உக்காராது, துளி பக்கவாட்டுல தள்ளி உக்காரும், ரவுண்டு கூடக் கூட சதுரமே லேசா சுத்திக்கும். அடுத்த தடவ போடும்போது ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் வேலையத் திருப்பிப் போட்டு மறுபக்கமா போங்க, அந்தச் சாய்வு ஒண்ண ஒண்ணு அடிச்சு நேராயிடும். ஏற்கனவே போட்டதுக்கு பிளாக்கிங்தான் வைத்தியம்.

கெட்டியான தெர்மகோல் ஷீட்ல 12 செ.மீ. சதுரம் பென்சில்ல வரைங்க, பேனா வேண்டாம், ஈரத்துல மை நூல்ல ஏறிக்கும். சதுரத்த தண்ணில நனைச்சு துண்டுல வச்சு ஒத்தி எடுத்துட்டு நாலு மூலையையும் மொதல்ல குத்துங்க, அப்புறம் ஒவ்வொரு பக்கத்துலயும் நடுவுல ஒண்ணு, அதுக்கப்புறம் இடைல இடைல. சாதா குண்டூசி துரு ஏறும், ராத்திரி பூரா ஈரத்துல இருந்தா மஞ்சள் நூல்ல காவிப் புள்ளி விழுந்துடும், தலைல கலர் மணி வச்ச, துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசி வாங்கிக்கோங்க. ஃபேனுக்குக் கீழ விட்டா காலைல காஞ்சிருக்கும். சிவப்பு, மெரூன் இருந்தா நனைக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டு நூல வெள்ளத் துணில ஈரமா வச்சு அழுத்திப் பாத்துடுங்க, சாயம் போற நூல்னா தண்ணில முக்காம மேல ஸ்பிரே மட்டும் பண்ணுங்க.

பதினொன்றரை இருக்குறது 12க்கு இழுபட்டு நின்னுடும். பன்னிரண்டரை மட்டும் சுருங்காது. அந்த ரெண்டு மூணுல கடைசி நேவி ரவுண்ட மட்டும் பிரிச்சு மூன்றரை எம்.எம். ஊசில திரும்பப் போட்டுடுங்க. ஒரு ரவுண்டுதானே, டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

ஜாயினிங். பேக்குக்கு சிங்கிள் குரோஷே, அதான் குட்டையான நெருக்கத் தையல், போட்டு சேக்குறதுதான் என் சாய்ஸ். ஸ்லிப் ஸ்டிட்ச்ல, அதான் உயரமே இல்லாத இழுப்புத் தையல்ல, சேத்தா பாக்க தட்டையா அழகா இருக்கும், ஆனா கொஞ்சம் இறுக்கிப் போட்டாலும் தையல் வரிசை சுருங்கி சதுரம் உப்பிக்கும். ஊசி நூல்ல ஓரத்த சுத்திச் சுத்தி விப் ஸ்டிட்ச் போட்டா சால்வைக்கு ஓகே, எடை தூக்குற பொருளுக்கு எனக்கு மனசு வராது, ஒரு இடத்துல அறுந்தா வரிசையா விட்டுக்கிட்டே போகும். சிங்கிள் குரோஷேல வெளிப்பக்கம் ஒரு சின்ன வரப்பு நிக்கும், அதுவே டிசைன் மாதிரி இருக்கட்டும்.

உங்க 5வது ரவுண்டுல ஒரு பக்கத்துக்கு 5 கொத்து, கொத்துக்கு மூணு டபுள், அதாவது 15 டபுள், கொத்துக்கு நடுவுல ஒரு செயின் (சங்கிலித் தையல்) விட்டிருந்தா 4 செயின், ஆக மூலைய விட்டுட்டு 19 தையல். ரெண்டு சதுரத்தையும் கெட்டப்பக்கம் உள்ள வர்ற மாதிரி ஒட்டிப் பிடிச்சு 19க்கு 19 நேரா போட்டீங்கன்னா தானா பொருந்தும். குறுக்கு வரிசை எல்லாத்தையும் நூல் அறுக்காம ஒரே ஓட்டமா முடிச்சுட்டு அப்புறம் நெட்டு வரிசைக்கு வாங்க. நாலு மூலை சந்திக்கிற இடத்துல ஒரு செயின் போட்டுத் தாண்டுங்க, இல்லன்னா அங்க ஒரு பொத்தல் வாய பொளந்துட்டு நிக்கும்.

ஆளாளுக்கு கை இறுக்கம் மாறுறது பெரிய விஷயமே இல்லம்மா. 2016 ஜனவரில நம்ம சென்னைல மதர் இந்தியாஸ் க்ரோஷே குயின்ஸ்னு ஒரு குழு கின்னஸ் சாதனைக்கு 11,148 சதுர மீட்டருக்கும் மேல போர்வை விரிச்சாங்களே, அது பூரா வேற வேற பொம்பளைங்க அவங்கவங்க வீட்ல உக்காந்து போட்ட துண்டுங்கதான். உங்க 18 சதுரமும் சேரும்.


கம்பளி_கார்த்தி:

காட்டன்ல ஏன் ஆரம்பிச்சீங்க சிஸ்? அக்ரிலிக் எடை கம்மி, விலை கம்மி, சாயம் போகாது. காட்டன் பேக் வெறும் பேக்கே கனக்கும்.


லீலா_டீச்சர்:

கார்த்தி தம்பி, அக்ரிலிக் வளைஞ்சு குடுத்துகிட்டே இருக்கும்ல. போர்வைக்கு அந்த நெகிழ்வு நல்லது, பேக்குக்கு அதுவேதான் வில்லன். அயர்ன் பாக்ஸ் ஒரு தடவ நேரா பட்டுச்சுன்னா துவண்டு போயிடும், அப்புறம் திரும்ப வராது. காட்டன் கனம்ங்கறது உண்மைதான், அதுக்காக மாத்தச் சொல்ல மாட்டேன். 18 சதுரமும் முடிச்சுட்டு நிக்குற பொண்ணுகிட்ட போய் நூல் மாத்துன்னு சொல்றீங்களே :)


நூல்கண்டு_ஈரோடு:

பூங்கொடி, நூல் கணக்கு நான் சொல்றேன், எனக்கு இதுல ஒரு பைத்தியம்.

கிச்சன் தராசுல ஒரு சதுரத்த வைங்க. கிரானில முதல் ரவுண்டு 4 கொத்து, ரெண்டாவது 8, அப்புறம் 12, 16, 20. மொத்தம் 60 கொத்து, 180 டபுள். அதுல கடைசி ரவுண்டு மட்டும் 20 கொத்து, அதாவது மூணுல ஒரு பங்கு நூல் அந்த ஒரே ரவுண்டுக்குப் போயிடுது. அதனாலதான் எல்லாருக்கும் பார்டர் கலர் மட்டும் பாதில தீந்து போகுது, நடு கலர் மிஞ்சிக் கிடக்குது. இனிமே சதுரம் போடறவங்க பார்டர் கலர மத்த கலர விட தாராளமா வாங்கிடுங்க, அதுவும் ஒரே லாட் நம்பர் பாத்து, ஒண்ணா சாயம் போட்ட நூலுக்குத்தான் ஒரே நம்பர் இருக்கும்.

இப்ப உங்க 100 கிராம். ஜாயினிங்குக்கு தாராளமா போதும். கைப்பிடிக்கும் சேத்துப் போதுமான்னா எனக்கு சந்தேகம், ஏன்னா கைப்பிடி சிங்கிள் குரோஷேல நெருக்கமா போடணும், கிரானி மாதிரி ஓட்டை கிடையாது, அதே பரப்பளவுக்கு நூல் கூடக் குடிக்கும். ஊகிக்க வேண்டாம், பட்டைய 10 செ.மீ. நீளத்துக்குப் போட்டு எடை பாருங்க, மொத்த நீளத்துக்கு பெருக்குங்க, கத வெளிய வந்துரும்.

பத்தலன்னு தெரிஞ்சா கடைக்கு ஓடி வேற லாட் நேவி வாங்காதீங்க. கடை லைட்டுல ஒரே மாதிரி தெரியும், வெயில்ல வந்து பாத்தா ஒண்ணு நேவி ஒண்ணு இங்க் ப்ளூ. கிட்டத்தட்ட ஒரே கலர்ங்கறது பளிச்சுனு வேற கலர விட அசிங்கமா இருக்கும். நடுவுல மஞ்சள்தானே போட்டிருக்கீங்க, கைப்பிடியவும் கடுகு மஞ்சள்ல போட்டுடுங்க, வேணும்னே போட்ட மாதிரி இருக்கும்.

கைப்பிடி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. கைப்பிடிய தனியா போட்டு மேல வாய் ஓரத்துல ரெண்டு இடத்துல தைக்கிற பேக்குதான் முட்டி வரைக்கும் இறங்குது. மொத்த எடையும் அந்த ரெண்டு தையல்ல தொங்கும், அங்க இருக்குற சதுரம் கூம்பு மாதிரி இழுத்துக்கும். அதுக்குப் பதிலா ஒரே நீளப் பட்டையா போட்டு அதயே ஒரு பக்கச் சுவரா இறக்கி, அடி வழியா கொண்டு போய், மறுபக்கச் சுவரா ஏத்தி, மேல தோள் பட்டையா வளைச்சு ரெண்டு முனையையும் ஒண்ணா சேத்துடுங்க. ஒரு வளையம் ஆயிடும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இந்த வளையத்துல ரெண்டு பக்கமும் ஜாயின் பண்ணணும். டிபன் பாக்ஸ் உக்கார்றதே அந்தப் பட்டை மேலதான், தோள் தூக்குறதும் அதே பட்டைய. சதுரம் எல்லாம் சும்மா சுவரு மாதிரி நின்னா போதும்.

அளவு: 12 செ.மீ. சதுரம் மூணு வச்சா 36. பக்கம் 36, அடி 36, பக்கம் 36, மொத்தம் 108. தோளுக்கு 60 விட்டா 168 செ.மீ. தோள்ல மாட்டும்போது கொஞ்சம் இழுக்கும்னு 60ஐயே 55 ஆக்கிக்கலாம், உயரம் பாத்து முடிவு பண்ணுங்க. அகலம் 6 செ.மீ. குறையக் கூடாது, டிபன் பாக்ஸ் படுக்கணும்ல. அடுக்கு டிபன்னா 8. பட்டைய குறுக்க குட்டிக் குட்டி வரிசையா போடாம, 168 செ.மீ.க்கும் நீள செயின் போட்டு நெட்டுவாக்குல நீள வரிசையா போடுங்க. குட்டி வரிசைல போட்டா வரிசைக்கு வரிசை அக்கார்டியன் மாதிரி விரியும். ஊசி மூன்றரைக்கு இறங்கிடுங்க. ஆரம்ப செயின மட்டும் 4லயே லூசா போடுங்க, அது இறுகிட்டா பட்டை ஒரு பக்கம் வளைஞ்சுக்கும். கடைசில ரெண்டு ஓரத்துலயும் ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிட்ச், அது இழுவைய இன்னும் கட்டும்.


தையல்_முருகன்:

தங்கச்சி, எனக்கு குரோஷா போட வராது, வீட்டம்மா போடுவா. லைனிங் வச்சுத் தைக்கக் குடுக்கறவங்களுக்கு தச்சுக் குடுத்துருக்கேன், அதுல தெரிஞ்சத சொல்றேன்.

லைனிங் வேணுமான்னு கேட்டிருக்கீங்க. ஓட்டை வழியா பேனா, சாவி, சில்லற எல்லாம் எட்டிப் பாக்கும், அது ஒரு காரணம், ஆனா முக்கியமான காரணம் அது இல்ல. எடைய யாரு தூக்குறதுன்றதுதான். லைனிங்க பேக் அளவுக்கு சரியா வெட்டுனா பேக்கும் லைனிங்கும் சேந்து இழுபடும். பேக்க விட கொஞ்சம் சின்னதா வெட்டணும். தச்சு முடிச்ச லைனிங் பேக்க விட அகலத்துல ஒரு செ.மீ., உயரத்துல ரெண்டு செ.மீ. கம்மியா வரட்டும். அப்ப பாட்டில் போட்டதும் லைனிங் அடிதான் மொதல்ல இறுகி நிக்கும், உங்க பின்னல் மேல பாரமே ஏறாது. நிறைய பேரு உல்டாவா லூசா வெட்டிட்டு வந்து அண்ணா தொங்குதுண்ணான்னு நிப்பாங்க.

துணி: சாட்டின், சில்க் காட்டன் எல்லாம் வேண்டாம், வழுக்கும், கிழியும். ட்ரில் துணி இல்லன்னா கெட்டி காடா. பழைய ஜீன்ஸ் இருந்தா அதவிட பெஸ்ட் கிடையாது, ஆனா கனம் கூடும், காட்டன் நூலு வேற. எதுவா இருந்தாலும் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணில ஊற வச்சு காயப்போட்டு தேச்சுட்டு வெட்டுங்க. ஊற வைக்காம தச்சா மொத துவையல்லயே லைனிங் சுருங்கி பேக்க உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும். கலரும் யோசிங்க, ஓட்டை வழியா தெரியப் போறது அதுதான். வெள்ளை போட்டா ஒவ்வொரு ஓட்டையும் பளிச்சுன்னு தெரியும், நேவி போட்டா ஓட்டையே தெரியாது, கலர் கொத்து மட்டும் எடுப்பா நிக்கும்.

பாக்கெட் வேணும்னா லைனிங் தட்டையா இருக்கும்போதே தச்சுடணும், மூட்டுன அப்புறம் கை போகாது. வாய் ஓரத்துல மூணு செ.மீ.க்கு பக்ரம், அதான் சட்டை காலர்ல வைக்கிற விறைப்புத் துணி, வைங்க, பேக் வாய் தொய்யாம நிக்கும். மேக்னட் பட்டன் வைக்கிறதா இருந்தா அந்த பக்ரத்து மேலதான் வைக்கணும், வெறும் துணில வச்சா ரெண்டு மாசத்துல ஓட்டை விழுந்துரும்.

அடில அட்டை வைக்கிறீங்கன்னா காலண்டர் அட்டை வேண்டாம், பாட்டில் வேர்த்தா ஊறிப் போயிடும். ஸ்டேஷனரில விக்கிற பிளாஸ்டிக் ஃபைல் அட்டைய வெட்டி மூலைய மழுக்கிட்டு ஒரு துணி உறை தச்சு உள்ள வைங்க, துவைக்கும்போது உருவிக்கலாம்.

அந்த நீளப் பட்டை ஐடியா மேல ஒருத்தங்க சொன்னது ரொம்ப சரி. அது கூட ஒண்ணு சேத்துக்கோங்க. பட்டைக்கு உள்பக்கம் பேக் கடைல விக்கிற காட்டன் பெல்ட் நாடா ரெண்டரை செ.மீ. அகலத்துல வச்சு முழு நீளத்துக்கும் தச்சுடுங்க. நாடா இழுபடாது, அதனால பட்டையும் இழுபடாது. நாடா முனைங்கள அடில ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வச்சு சதுரமா பெட்டித் தையல் போட்டு நடுவுல பெருக்கல் குறி மாதிரி குறுக்க ரெண்டு ஓட்டு ஓட்டுங்க. ஸ்கூல் பேக் பட்டைல பாத்திருப்பீங்க, அதே தையல்.


ஒயர்கூடை_செல்வி:

நான் ஒயர் கூடை போடுற ஆளு, சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு ரெண்டும் போடுவேன், குரோஷா இப்பதான் கத்துக்கிட்டு இருக்கேன். பூங்கொடி உங்களுக்கு தோள் பட்டை வேணாம் கைல தூக்குற மாதிரி சின்ன பிடி போதும்னா கூடைக்குப் போடுற பிளாஸ்டிக் டியூப் வாங்கி அத சுத்தி சிங்கிள் குரோஷே போட்டுடுங்க. கைய அறுக்காது, உருண்டையா நிக்கும், இழுபடவே படாது, ஒயர் கடைலயே மீட்டர் கணக்குல கிடைக்கும். தோள்ல மாட்டுறதுக்கு இது சரிவராது, டியூப் வளையற இடத்துல மடங்கி உடையும், தோள்லயும் நிக்காம உருண்டு வரும்.


மூலைவாட்டு_மீனா:

18 சதுரம் போட்டாச்சுன்றதால உங்களுக்கு இப்ப உதவாது பூங்கொடி அக்கா, ஆனா இந்த திரெட்ட படிக்கிற வேற யாருக்காச்சும் உதவும்னு போடுறேன். சதுரத்த நேரா அடுக்காம மூலைவாட்டுல, அதாவது வைர வடிவுல வச்சு மடிச்சா 12 சதுரத்துலயே முழு பேக் வந்துடும், பக்கச்சுவர் அடிப்பட்டைன்னு தனியா எதுவும் வேண்டாம்.

அடில ரெண்டு சதுரம், ஒவ்வொண்ணும் மூலைக்கு மூலை பாதியா மடங்கி பாதி முன்னாடி பாதி பின்னாடி வரும். அடுத்த வரிசைல நாலு: முன்னாடி நடுவுல ஒண்ணு, பின்னாடி நடுவுல ஒண்ணு, இடது ஓரத்துலயும் வலது ஓரத்துலயும் மடங்குற மாதிரி ஒவ்வொண்ணு. அதுக்கு மேல முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு. கடைசில ரெண்டு ஓரத்துலயும் உச்சில ஒவ்வொண்ணு. வாய் தானா சரிஞ்சு நடுவுல இறங்கி வரும், ரெண்டு ஓர உச்சியையும் ஒரு பட்டை போட்டு இணைச்சா தோள் பேக்கு. 15 செ.மீ. சதுரம்னா மூலைக்கு மூலை 21 வரும், பேக் அகலம் 42 செ.மீ., நடுவுல வாய் 21 செ.மீ. உயரத்துல இருக்கும்.

படிச்சா தல சுத்தும்னு தெரியும், பேப்பர்ல 12 சதுரம் வெட்டி செல்லோடேப் போட்டு ஒட்டிப் பாருங்க உடனே புரிஞ்சிடும். ஆனா உண்மையச் சொல்லணும்னா இது காய்கறி வாங்க, பீச்சுக்கு துண்டு எடுத்துட்டுப் போகத்தான். மூலைவாட்டுல தொங்கும்போது கிரானி நல்லா இழுக்கும், டிபன் பாக்ஸ் ஆபீஸ் பேக்குன்னா நூல்கண்டு அக்கா சொன்ன வளையப் பட்டைதான் சரி. அப்புறம் பேக்குக்குன்னு சதுரம் போடுறவங்க கொத்துக்கு நடுவுல வர்ற அந்த ஒரு செயின விட்டுடுங்க, மூலைல மட்டும் ரெண்டு செயின் போதும், ஓட்டை பாதியா குறையும்.


கம்பளி_கார்த்தி:

சரி நான் அக்ரிலிக் மேட்டர வாபஸ் வாங்கிக்கிறேன் :) ஒரு டவுட், கிரானி ஸ்கொயர்னு பாட்டி பேரு எப்ப வந்துச்சு, பழசா இது?


நூல்கண்டு_ஈரோடு:

1885லயே ஒரு அமெரிக்க விவசாயப் பத்திரிகைல இந்த மாதிரி சதுரம் வந்திருக்கு, இப்ப கிடைக்கிற அச்சுல அதுதான் பழசுன்னு சொல்றாங்க. மிச்சம் மீதி நூல வீணாக்காம போடுற வேலைதான் அது எப்பவும். 1970கள்ல ஃபேஷன் ஆச்சு, இப்ப திரும்பவும். பேரு எப்ப ஒட்டிக்கிச்சோ, பாட்டிங்க போட்டாங்க பேரும் வந்துருச்சு.


பூங்கொடி_நெல்லை:

அய்யோ எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல.

தராசுல வச்சுப் பாத்தேன். பட்டை 6 செ.மீ. அகலத்துல 10 செ.மீ. போட்டேன், கிட்டத்தட்ட 7 கிராம் வந்துச்சு, 168க்கு பெருக்குனா 118 கிராம். நேவி பத்தாது. அதனால பட்டை கடுகு மஞ்சள், ஜாயினிங் நேவி, லைனிங் நேவி ட்ரில். பன்னிரண்டரை சதுரங்கள்ல கடைசி ரவுண்ட பிரிச்சுப் போட்டதும் சரியா 12க்கு வந்து உக்காந்துடுச்சு லீலாம்மா, இப்ப எல்லாம் தெர்மகோல்ல குத்தி வச்சிருக்கேன்.

ரெண்டு கேள்வி பாக்கி. ஆபீஸ்ல ஒரு அக்கா போட்டோ பாத்துட்டு எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு 300 ரூவா தரேன்னு சொன்னாங்க, எனக்கு என்ன சொல்லன்னே தெரியல. இன்னொண்ணு முருகண்ணாவுக்கு, லைனிங்க பேக்கோட சேக்குறது மெஷின்லயா கையிலயா? ஜிப் வைக்கணும்னா எங்க வைக்கணும்?


செவ்வந்தி_மதுரை:

300 ரூபாயா! நூலு விலையே அதத் தாண்டிருமேம்மா. 18 சதுரம், பட்டை, ஜாயினிங் எல்லாம் சேத்து எடை போட்டு அதுக்கு நூல் காசு மட்டும் கணக்குப் போட்டு அந்தக்காகிட்ட காட்டுங்க, கூலிய அப்புறம் பேசலாம். கடைல கம்மி விலைக்குத் தொங்குதேன்னு சொல்வாங்க. சுவெட்டர் பின்ன மெஷின் இருக்கு, கிரானி சதுரம் போட ஃபேக்டரி மெஷின் கிடையாது, அந்தக் கடை பேக்கும் எங்கயோ ஒரு பொம்பள கையால போட்டதுதான், அவளுக்கு என்ன கூலி குடுத்திருப்பானுங்கன்னு யோசிச்சாலே வயிறு எரியும். நம்ம பக்கத்து ஆந்திராவுல நரசாப்பூர் பூரா குரோஷா லேஸ்தான், 2024ல புவிசார் குறியீடு கூட குடுத்தாங்க. பேரு வந்துச்சு, கூலி வந்துச்சான்னு கேக்கணும்.

பிரியமானவங்களுக்கு சும்மாவே போட்டுக் குடுக்கலாம், அது வேற. காசு வாங்குறதுன்னா ஒழுங்கா வாங்குங்க. பாதி விலைக்குப் போட்டுக் குடுத்தா அந்தக்கா நாலு பேருகிட்ட அதே விலைய சொல்லி அனுப்பி வைப்பாங்க.


தையல்_முருகன்:

லைனிங் மூட்டுறது, பாக்கெட், பக்ரம், நாடாவோட பெட்டித் தையல் இதெல்லாம் மெஷின்ல. நாடாவ பின்னல் பட்டையோட சேக்குறதும், லைனிங்க பேக் வாயோட சேக்குறதும் கையில ஹெம்மிங். மெஷின்ல விட்டா பாதம் உங்க பின்னல் ஓட்டைல மாட்டி இழுக்கும், தையல் அலை அலையா வரும், பிரிக்கவும் முடியாது. இரட்டை நூல், வாய் ஓரத்துல கடைசி வரிசைக்கு ஒரு வரிசை கீழ இறக்கித் தைங்க, அப்பதான் லைனிங் வெளிய தெரியாது. அரை செ.மீ.க்கு ஒரு தையல், ரொம்ப இறுக்கிடாதீங்க.

ஜிப்ப பின்னல்ல வைக்காதீங்க, லைனிங்லயே வைங்க. உங்க பேக்குக்குப் பக்கச்சுவர் 6 செ.மீ. இருக்கு, அதனால லைனிங் வாய்ல ரெண்டு பக்கமும் மூணு மூணு செ.மீ. பட்டித் துணி குடுத்து நடுவுல ஜிப் வரணும், அப்ப மூடும்போது மேல கூரை மாதிரி தட்டையா நிக்கும். வாய் 36 செ.மீ. தானே, 14 இஞ்ச் ஜிப் கேளுங்க. பல்லு பிளாஸ்டிக்கா இருக்கட்டும், மெட்டல் பல்லு நூல பிடிச்சு இழுத்துரும். ஜிப்போட லைனிங்க முழுசா தச்சு முடிச்சுட்டு, அப்புறம் பேக்குக்குள்ள இறக்கி, பாட்டிலும் டிபனும் உள்ள வச்சு தூக்கிப் பாத்துட்டு ஹெம்மிங் ஆரம்பிங்க. அடி பின்னல்ல முட்டுச்சுன்னா லைனிங்க இன்னும் ஒரு செ.மீ. மேல ஏத்திக்கோங்க.